மனு எழுதும் முன் சாலை எண்ணைப் பாருங்கள்

"இது எங்க ரோடு இல்லைங்க." பள்ளத்தை மூடச் சொல்லியோ, வடிகால் கேட்டோ மனுவோடு போகிறவர்கள் முதலில் கேட்கும் பதில் இதுதான். அப்படியென்றால் யாருடையது என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. வேலையை விட்டுவிட்டு வந்தவர் அடுத்த அலுவலகத்துக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

தமிழ்நாட்டில் சாலைக்கு வகை இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை. இதில் பின்னுள்ள மூன்றும் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. மற்ற ஊர்ச் சாலைகளைப் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என அந்தந்த உள்ளாட்சிதான் பார்க்கும். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசியம், பச்சையாக இருந்தால் மாநிலம்.

ஆனால் மஞ்சள் கல்லை மட்டும் நம்பிப் போகாதீர்கள். எல்லாத் தேசிய நெடுஞ்சாலையும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம் இல்லை. சில நீளங்களை மாநிலத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவுதான் பராமரிக்கிறது. மக்கள் அதிகம் அலைவது இங்கேதான். ஆணையம் மாநிலத்தைக் கைகாட்டும், மாநிலத்தின் மாவட்டக் கோட்டமோ "என்.ஹெச். பிரிவுல கேளுங்க" என்று இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பும். புறவழிச்சாலை வந்த ஊர்களில் இன்னும் மோசம். ஊருக்குள் போகும் பழைய சாலை கைமாறியிருக்கும், ஓரத்தில் பழைய கல் மட்டும் அப்படியே நிற்கும்.

அப்புறம் எண். 2010-ல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் மொத்தமாக மாறின. வடக்கு தெற்காக ஓடினால் இரட்டைப்படை, கிழக்கு மேற்காக ஓடினால் ஒற்றைப்படை. மதுரை வழியாகக் கன்னியாகுமரி போகும் பழைய 7 இப்போது 44. அதிலிருந்து சேலத்தில் பிரிந்து கோவை வழியாகக் கொச்சி போவது 544, பழைய 47. மூன்று இலக்க எண்ணில் கடைசி இரண்டும் தாய்ச் சாலையைக் காட்டும்.

இது வெறும் தகவல் என்று விட்டுவிடாதீர்கள். சாலை அகலப்படுத்த நிலம் எடுக்கும்போது அறிவிப்பு புது எண்ணில்தான் வரும். பழைய எண்ணையே சொல்லிப் பழகியவர், நாளிதழில் வந்ததை வேறு ஏதோ சாலை என்று தாண்டிவிடுவார். தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, நிலம் எடுக்கும் உத்தேச அறிவிப்பு அரசிதழில் வெளியானதிலிருந்து ஆட்சேபணை தெரிவிக்க 21 நாள்தான். அதனால் சாலை எண்ணோடு நிற்காமல், உங்கள் சர்வே எண் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநில நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 2001-ம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டத்தின் கீழ். அதன் நடைமுறையும் கெடுவும் தனி, ஒன்றோடு ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, மனுவில் என்ன எழுதுவது? "பள்ளிக்கூடம் பக்கத்தில்" என்று எழுதினால் திரும்பி வந்துவிடும். சாலை எண்ணும் கிலோமீட்டரும் எழுதுங்கள். பெரிய கல்லில் 23 என்றிருந்து, அதைத் தாண்டி 4 என்று ஒரு சின்னக் கல் இருந்தால், அந்த இடம் 23/4, அதாவது 23 கிலோமீட்டர் 400 மீட்டர். சின்னக் கற்கள் 200 மீட்டருக்கு ஒன்று. இரண்டு கல்லும் தெரியும்படி படம் எடுத்து இணையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். "தபால்ல வரும்" என்று சொன்னாலும் நின்று வாங்குங்கள். ஆணையத்தின் சாலை என்றால் 1033-ல் புகார் சொல்லலாம். மாநிலத் துறையின் சாலைக்கு "நம்ம சாலை" செயலி இருக்கிறது.

அதற்கும் ஆளாளுக்குக் கை விரித்தால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். "இந்தச் சாலையில் இந்தக் கிலோமீட்டரைப் பராமரிக்கும் அலுவலகம் எது?" என்ற ஒரே கேள்வி போதும். எங்கள் சாலை இல்லை என்று இதைத் திருப்பி அனுப்ப முடியாது. சட்டத்தின் 6(3) பிரிவுப்படி, 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றிவிட்டு உங்களுக்கும் தெரிவிக்க வேண்டியது அவர்கள் வேலை.