அந்த 5,000 ரூபாயைக் கழிக்காதீர்கள்

தென்காசியிலிருந்து ஒரு வாசகர், எலக்ட்ரீஷியன் கொடுத்த எஸ்டிமேட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். புதிதாக மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார். வீட்டில் 7.2 கிலோவாட் சார்ஜர் மாட்ட மொத்தம் 71,000 ரூபாய். சுவரில் மாட்டும் பெட்டி 38,000, 6 ஸ்கொயர் (குறுக்குவெட்டுப் பரப்பு 6 சதுர மில்லிமீட்டர்) காப்பர் வயரும் பைப்பும் 14,000, எர்த் குழி 7,000, புது ஆர்சிசிபியும் (மின்சாரம் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) எம்சிபியும் (மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) 5,000, கூலி 7,000. "மெயின் போர்டில் ஏற்கெனவே ஒரு ஆர்சிசிபி இருக்கிறது. அந்த 5,000-ஐக் கழித்துவிடலாம் என்கிறார்கள், கழிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

கழிக்க வேண்டாம். செலவைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் 38,000-இல் கை வையுங்கள். நாம் சார்ஜர் என்று சொல்லும் அந்தப் பெட்டி உண்மையில் சார்ஜரே இல்லை. திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரத்தை, ஒரே திசையில் ஓடும் டிசியாக மாற்றி பேட்டரிக்குள் அனுப்பும் கருவி காருக்குள்தான் இருக்கிறது. பெட்டியின் வேலை காவல்: பிளக் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்கும், எத்தனை ஆம்பியர் வரை எடுக்கலாம் என்று காருக்குச் சொல்லும், அப்புறம்தான் மின்சாரத்தைத் திறந்துவிடும். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குச் சுமார் 6 யூனிட் போதும். சாதாரண 15 ஆம்பியர் பாயிண்ட்டிலேயே, அதாவது 3.3 கிலோவாட்டில், இரண்டு மணி நேரத்தில் அது ஏறிவிடும். வீட்டில் இருக்கிற இணைப்பிலேயே வண்டியைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொன்னது. ஈபியில் வாங்கியிருக்கும் லோடு போதுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயரில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. வெப்பம் என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்குவது. பத்தாம் வகுப்பில் படித்ததுதான். மீட்டரிலிருந்து பெட்டி 25 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 50 மீட்டர் செம்பு. 32 ஆம்பியர் ஓடும்போது 6 ஸ்கொயர் வயரில் சுமார் 160 வாட் வெப்பமாகிறது. அதையே 2.5 ஸ்கொயரில் இழுத்தால் 380 வாட். அயர்ன் பாக்ஸ் பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும். கார் அப்படியில்லை, நாம் தூங்கும் நேரத்தில் மணிக்கணக்காக இழுத்துக்கொண்டே இருக்கும்.

சரி, ஆர்சிசிபிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த கருவிகளில் இது ஒன்று. உள்ளே ஒரு காந்த உலோக வளையம் இருக்கிறது. அதன் நடுவே பேஸ், நியூட்ரல் இரண்டும் போகின்றன. பேஸில் 32 ஆம்பியர் போனால் நியூட்ரலில் 32 ஆம்பியர் திரும்பி வர வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் வளையத்தில் காந்தப்புலம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், வளையம் அமைதியாக இருக்கும். யாரோ ஒருவர் கை பட்டு, அவர் உடம்பு வழியாக 0.03 ஆம்பியர் தரைக்குப் போகிறது என்று வையுங்கள். போனதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் திரும்பி வரவில்லை. அந்தச் சிறு குறை வளையத்தில் அலையும் காந்தப்புலமாகிறது. வளையத்தில் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பிச்சுருளில் அது மின்சாரத்தைத் தூண்டுகிறது. ஒரு நிலைக்காந்தம் ஸ்பிரிங்கை இழுத்துப் பிடித்திருக்க, தூண்டப்பட்ட மின்சாரம் அந்தக் காந்தத்தின் பிடியைத் தளர்த்துகிறது. ஸ்பிரிங் விடுபட்டு லைனைத் துண்டிக்கிறது. இதற்குப் பேட்டரி கிடையாது, கணினி கிடையாது. கசிந்த மின்சாரமே தன்னைத் துண்டிக்கும் சக்தியையும் தந்துவிடுகிறது!

இவ்வளவு கூர்மையான காவலனின் கண்ணைக் கட்ட ஒரு வழி உண்டு. அதுதான் டிசி. தூண்டல் நடக்கக் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். காரின் பேட்டரி பல நூறு வோல்ட் டிசி. எங்காவது மின்காப்பு (இன்சுலேஷன்) பழுதாகி அங்கிருந்து டிசி கசிந்தால், வளையத்தில் மாறாத காந்தப்புலம் உண்டாகும். கம்பிச்சுருளுக்கு அது தெரியவே தெரியாது. இதைவிட மோசமானது, அந்த டிசி வளையத்தை ஒரே பக்கமாகக் காந்தமாக்கி நிரப்பிவிடும். ஊஞ்சலை ஒரு பக்கமாக இழுத்துச் சுவரோடு கட்டிவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் ஆடாதல்லவா, அதுபோல. அதற்குப் பிறகு வாஷிங் மெஷினிலோ கிரைண்டரிலோ ஏசி கசிந்தாலும் அதே ஆர்சிசிபி விழாமல் போகலாம். கார் வாசலில் நிற்க, ஆபத்து அடுப்படியில் இருக்கும்.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எனக்கு அவ்வளவு பிடிக்கும். நல்ல சுவர்ப்பெட்டிகளில் 6 மில்லி ஆம்பியர் டிசி கசிந்தாலே துண்டிக்கும் உணரி இருக்கிறது. பலவற்றில் அது ஃபிளக்ஸ்கேட் முறையில் வேலை செய்கிறது. ஒரு சிறு காந்த வளையத்தை வேண்டுமென்றே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி நிரம்பும்வரை ஆட்டுகிறார்கள். டிசி கசிந்தால் ஒரு பக்கம் சீக்கிரம் நிரம்பும், மறுபக்கம் தாமதமாகும். அந்தக் கோணலை அளந்தால் கசிவு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆர்சிசிபியைக் குருடாக்கிய அதே குணம் இங்கே கண்ணாகிவிட்டது.

இதே ஃபிளக்ஸ்கேட் தத்துவம்தான், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருந்து சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலத்தின் காந்தமானியிலும் வேலை செய்கிறது. 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி ஏவப்பட்ட அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டைக்காரர். சூரியனை ஆராய எதற்குப் பணம் என்று கேட்பவர்களிடம் எனக்கு மனத்தாங்கல் உண்டு. காந்தப்புலத்தை நுட்பமாக அளக்கக் கற்றுக்கொண்ட அறிவு விண்வெளியில் மட்டும் இருக்கவில்லை, நம் வீட்டுச் சுவருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அடிப்படை ஆராய்ச்சிக்கு இன்னும் தாராளமாகச் செலவிட வேண்டும் என்பதே என் கட்சி.

உங்கள் எஸ்டிமேட்டுக்குத் திரும்புகிறேன். பழைய ஆர்சிசிபியின் முகப்பைப் பாருங்கள். சிறு கட்டத்துக்குள் ஒரே ஒரு அலைக்கோடு மட்டும் இருந்தால் அது ஏசி வகை, காருக்கு ஆகாது. அலைக்கோட்டின் கீழே அரை மேடுகளும் வரைந்திருந்தால் ஏ வகை. அந்த வகையில் புதிதாக ஒன்று வாங்குங்கள். காருக்கான லைன், வீட்டு ஆர்சிசிபிக்கு முன்பே மெயினில் பிரிந்து தனியாக வரட்டும். பெட்டி வாங்கினாலும் சரி, 15 ஆம்பியர் பாயிண்ட்டில் மாட்டும் சார்ஜிங் கேபிளோடு நிறுத்திக்கொண்டாலும் சரி, அதில் 6 மில்லி ஆம்பியர் டிசி பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. மீட்டர் வடமேற்கில் இருக்க, மின்சாரம் என்பதால் அக்னி மூலையில்தான் பெட்டி மாட்ட வேண்டும் என்று வீட்டில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். எலக்ட்ரானுக்கு மூலை தெரியாது. மீட்டருக்குப் பக்கத்துச் சுவரிலேயே மாட்டினால் 25 மீட்டர் வயர் 8 மீட்டராகும். வயர் கணக்கில் பெரும்பகுதி மிச்சம், 160 வாட் வெப்பம் ஏறக்குறைய 50 ஆகக் குறையும்.