சுருட்டோடு பயணமா? எங்கே பற்றவைக்கலாம், எங்கே கூடாது

"தடை சிகரெட்டுக்குத்தானே, சுருட்டுக்கு ஏது?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வாதம் எங்கேயும் நிற்காது. 2003-இல் வந்த மத்திய அரசின் புகையிலைப் பொருள்கள் சட்டம் (செய்திகளில் 'கோட்பா' என்று வருமே, அதுதான்) சிகரெட், சுருட்டு, பீடி, பைப் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறது. உறையூர்ச் சுருட்டோ ஹவானா சுருட்டோ, கணக்கு ஒன்றுதான்.

சட்டம் பார்ப்பது நீங்கள் எங்கே நின்று பிடிக்கிறீர்கள் என்பதை. அதன் நான்காம் பிரிவு பொது இடத்தில் புகைபிடிக்கக் கூடாது என்கிறது. ரயில், பஸ் முதலிய பொது வாகனங்களும் அதில் அடங்கும். சட்டம் வந்த புதிதில் திறந்தவெளிக்கு விலக்கு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தின் கடைசிக்குப் போய், "மேலே கூரை இல்லையே" என்று பற்றவைத்தவர்கள் உண்டு. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் அந்த ஓட்டையை அடைத்துவிட்டன. ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்ட், ஸ்டேடியம் போல மக்கள் வந்துபோகும் இடங்கள் எதுவும் இனி திறந்தவெளி என்ற கணக்கில் வராது.

மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை. ஒரு நல்ல சுருட்டின் விலையே அதைவிட அதிகம் என்பதால், இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓசூரைத் தாண்டினால் அவ்வளவு சிரிக்க முடியாது. கர்நாடகம் தன் மாநிலத்துக்கு மட்டும் செய்த திருத்தத்தில், 2025-இல் இருந்து அபராதம் 1,000 ரூபாய் வரை. புகையிலை வாங்கும் வயதையும் அங்கே 18-இலிருந்து 21 ஆக்கிவிட்டார்கள்.

ரயில் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தகராறு அதிகம் வருவது அங்கேதான். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 167-ஆம் பிரிவின்படி, உடன் பயணிக்கும் ஒருவர் ஆட்சேபித்தாலே அந்தப் பெட்டியில் புகைபிடிக்கக் கூடாது. மீறினால் 100 ரூபாய் வரை அபராதம். இந்தப் பழைய பிரிவை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள்தான் "யாரும் ஒண்ணும் சொல்லலையே சார்" என்று இன்றும் சமாளிக்கிறார்கள். கோட்பா வந்த பிறகு ஆட்சேபணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பெட்டியில் நீங்கள் ஒருவரே இருந்தாலும் தடை தடைதான். கதவோரம், இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இருக்கும் இடம், கழிப்பறை எல்லாம் ரயிலுக்குள் சேர்ந்தவைதான். ஆனாலும் 167-ஐ நான் லேசாகச் சொல்ல மாட்டேன். மேல் பெர்த்தில் படுத்திருக்கும் ஒரு பாட்டி "எனக்கு ஒத்துக்கலப்பா" என்று சொன்னால் அதுவே போதும் என்று எழுதி வைத்திருந்த சட்டம் அது.

கழிப்பறைக்குள் போய் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் தெரியாது என்பதும் பழைய காலத்து நினைப்பு. 2023 ஆகஸ்டில் திருப்பதியிலிருந்து செகந்திராபாத் போன வந்தே பாரத் ரயிலில், டிக்கெட் இல்லாமல் ஏறிய ஒருவர் கழிப்பறையில் பற்றவைத்தார். புகை உணரும் கருவி கத்த, தானியங்கித் தீயணைப்பான் தூளைப் பீய்ச்ச, பெட்டி முழுக்க மூட்டம். தீப்பிடித்துவிட்டது என்று பயணிகள் பதற, கூடூருக்கு அடுத்து மனுபோலு பக்கம் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. சிகரெட் புகைக்கே இந்தப் பாடு. சுருட்டுப் புகை இன்னும் அடர்த்தி.

வேறொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. சிகரெட் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பெரிய சுருட்டு முடிய முக்கால் மணி நேரம்கூட ஆகும். ஸ்டேஷனுக்கு வெளியே அவசரமாக நாலு இழுப்பு இழுத்துவிட்டு மீதியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஏசி பெட்டியில் ஏறினால், சட்டப்படி குற்றமில்லை. ஆனால் அணைந்த சுருட்டின் நாற்றம் எரியும் சுருட்டைவிட மோசம். கதவு, ஜன்னல் திறக்காத பெட்டியில் எட்டு மணி நேரம் அதைச் சுமக்கப்போவது எதிர் சீட்டுக்காரர். மிச்சத்தைத் தூக்கிப்போட மனம் வராவிட்டால், காற்றுப் புகாத டப்பா ஒன்று கையோடு இருக்கட்டும். ஏறுமுன் கையையும் வாயையும் கழுவிக்கொள்ளுங்கள். பயணத்துக்கு என்றே சின்னச் சுருட்டாக எடுத்துப் போவது இன்னும் உத்தமம்.

எடுத்துப் போவதற்குத் தடை கிடையாது, பிடிப்பதற்குத்தான் தடை. குலதெய்வம் கோயிலுக்குப் போகிறவர் கருப்பசாமி படையலுக்கு ஒரு கட்டுச் சுருட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கேள்வி கேட்க ஒன்றுமில்லை.

விமானத்தில் பிடிக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் மாட்டிக்கொள்வது லைட்டரில். நம் ஊர் விமான நிலையங்களில் லைட்டரும் தீப்பெட்டியும் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. பெட்டியில் போட்டு அனுப்பவும் விடமாட்டார்கள். அதனால் வெள்ளி லைட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு, இறங்கிய ஊரில் பெட்டிக்கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். சுருட்டு வெட்டும் கட்டர் பிளேடு உள்ள பொருள். அதைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

விமான நிலையத்தில் புகைக்கென்று தனி அறை வைக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த அறைக்கு நாலு பக்கமும் முழு உயரச் சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவு, புகையை வெளியே தள்ளும் அமைப்பு எல்லாம் இருக்க வேண்டும். நுழைவாயிலில் வைக்கக் கூடாது. இருக்கிறது என்பதற்காக உடனே சுருட்டை எடுத்துவிடாதீர்கள். பத்துப் பேர் நெருக்கியடித்து நிற்கும் அறையில் ஒருவர் சுருட்டைப் பற்றவைத்தால் சிகரெட் பிடிக்கிறவர்களே வெளியே ஓடிவிடுவார்கள். அங்கே சுருட்டுக்கு அனுமதி உண்டா என்று ஊழியரிடம் கேட்டுவிட்டு, கூட்டம் குறைந்த பிறகு பிடிப்பதுதான் மரியாதை.

ஓட்டல்களுக்கும் இதே சலுகை உண்டு, ஆனால் குறைந்தது 30 அறை உள்ள ஓட்டலுக்கும் குறைந்தது 30 பேர் உட்காரும் உணவகத்துக்கும்தான். ஆறு அறை உள்ள கொடைக்கானல் காட்டேஜ்காரர் "நம்ம இடம்தான், தாராளமா பிடிங்க" என்று வரவேற்பறையைக் காட்டினால், அப்படிச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. பெரிய ஓட்டலில் புகைபிடிக்கும் அறைகள் தனித் தளத்திலோ தனிப் பகுதியிலோ இருக்க வேண்டும், வெளியே அப்படி எழுதியும் இருக்க வேண்டும். புக் செய்யும்போதே கேட்டு வாங்குங்கள். சாதாரண அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பிடித்தால் திரைச்சீலையும் மெத்தையும் காட்டிக்கொடுத்துவிடும்; அறையைச் சுத்தம் செய்யும் செலவை உங்கள் பில்லில் ஏற்றுகிற ஓட்டல்கள் உண்டு.

சொந்தக் காரில் போகிறவருக்கு இந்தத் தடை பொருந்தாது. பின் சீட்டில் குழந்தை இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சட்டம் வந்து சொல்ல வேண்டுமா என்ன? பெட்ரோல் பங்க்கில் வண்டியை விடுவதற்கு முன்பே அணைத்துவிடுங்கள். முதுமலை, களக்காடு மாதிரி காட்டு வழிகளில் பற்றவைக்கவே வேண்டாம். சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதையும், எரியும் தீயை விட்டுவிட்டுப் போவதையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு தடுக்கிறது. மற்ற இடங்களில் சுருட்டை நசுக்கி அணைத்தால் நாற்றம் கிளம்பும். சாம்பல் தட்டில் வைத்தால் தானே அணைந்துவிடும். சாலையோரத்தில் அந்தப் பொறுமை ஆகாது. தண்ணீர் ஊற்றி, தொட்டுப் பார்த்து, குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும்போது 25 சுருட்டு, அல்லது 100 சிகரெட், அல்லது 125 கிராம் புகையிலை வரை பயணிக்கான வரிவிலக்கில் அடங்கும். இந்த 'அல்லது' முக்கியம், மூன்றையும் கூட்டிக்கொள்ள முடியாது. இங்கிருந்து சிங்கப்பூர் போகிறவர்களுக்குக் கதை வேறு. அங்கே புகையிலைக்கு வரிவிலக்கே கிடையாது. ஒரே ஒரு சுருட்டு இருந்தாலும் சுங்கச் சோதனையில் சிவப்பு வழியில் (ரெட் சானல்) போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். அப்புறம், திரும்பும்போது மருமகனுக்கு என்று மின் சிகரெட் எதையும் வாங்கிவிடாதீர்கள். 2019 சட்டப்படி அதை இந்தியாவுக்குள் கொண்டுவருவதே குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

புகையால் அவதிப்படும் பக்கத்தில் நீங்கள் இருந்தால், முதலில் பிடிப்பவரிடமே சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் ரயிலில் டிடிஇயிடம் சொல்லலாம், 139-க்கு அழைக்கலாம். பஸ் ஸ்டாண்ட், ஓட்டல் போன்ற இடங்களில் 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் தடைப் பலகை இருக்க வேண்டும். யாரிடம் புகார் செய்வது என்ற விவரமும் அங்கே இருக்க வேண்டும். தடை உள்ள இடத்தில் மேசை மேல் சாம்பல் தட்டு வைத்திருப்பதே விதிமீறல். புகார் வந்தும் பொறுப்பாளர் சும்மா இருந்தால், அங்கே நடந்த மீறல்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அபராதம் அவர் தலையில்தான் விழும்.