கழுத்துக் கறுப்பு அழுக்கல்ல

"பயத்தமாவு, எலுமிச்சம்பழம்னு எல்லாம் போட்டுத் தேய்ச்சுட்டேன் டாக்டர், இவ கழுத்துக் கறுப்பு போகவே மாட்டேங்குது."

மகளை அழைத்து வரும் தாய்மார்கள் போகிற போக்கில் இதைச் சொல்வார்கள். வந்த காரணம் வேறு: மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. கையில் 'நீர்க்கட்டி' என்று வந்த ஸ்கேன் ரிப்போர்ட். எனக்கு ஸ்கேனைவிட அந்தக் கழுத்துதான் முக்கியம்.

தயவுசெய்து தேய்க்காதீர்கள், புண்ணாகிவிடும். தடித்து, வெல்வெட் போலக் கறுக்கும் அந்தத் தோல், பெரும்பாலும் ரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளம். தசையும் கல்லீரலும் இன்சுலினின் பேச்சைக் கேட்காதபோது கணையம் மேலும் மேலும் சுரந்து சர்க்கரையைச் சமாளிக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டிவிடுகிறது. அதனால்தான் முகப்பரு, தாடையில் முடி, தள்ளிப்போகும் மாதவிடாய். இந்தக் கோளாறுக்குத்தான் பிசிஓஎஸ் (PCOS) என்று பெயர். ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகளே அல்ல. வளர்ச்சி பாதியில் நின்ற முட்டைப்பைகள். "ஆபரேஷன் பண்ணணுமா?" என்று கலங்கிக் கேட்பவர்களிடம் இதை முதலில் சொல்லிவிடுவேன்.

கணையம் எத்தனை நாள் ஈடுகொடுக்கும்? களைத்துப்போகும்போது சர்க்கரை நோய் தலைகாட்டும், இருபதுகளிலேயே கூட. வெறும் வயிற்றில் எடுத்த சுகர் நார்மல் என்று நிம்மதியாகிவிட வேண்டாம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள். 140 வந்தால் எச்சரிக்கை, 200 என்றால் சர்க்கரை நோய்க்கான அளவு. பிசிஓஎஸ் என்று தெரிந்தவுடன் ஒருமுறை, பிறகு 1 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை தேவை. கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது கட்டாயம்.

எடை கூடினால் இன்சுலின் இன்னும் எகிறும். ஆனால் எல்லாரும் குண்டாக இருப்பதில்லை. ஒல்லியான பெண்களுக்கும் இது வருகிறது. நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே கவனம் வேண்டும். "தின்னு தின்னு இப்படி ஆயிட்டா" என்று என் முன்னாலேயே மகளைத் திட்டும்போது எனக்கு மனசு பொறுக்காது. அவள் சோம்பேறி இல்லை. அவள் உடம்பே அவளுக்கு எதிராக வேலை செய்கிறது. 70 கிலோ இருப்பவர் 4, 5 கிலோ குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகத் தொடங்குகிறது. தட்டில் சோற்றைக் குறைத்துக் காய், பருப்பு, முட்டையைக் கூட்டுங்கள். தினம் அரைமணி நேரம் வேகமாக நடங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்ய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சீட்டு எழுதி முடித்ததும் அம்மாவிடம் திரும்பிக் கேட்பேன்: "உங்களுக்கு சுகர் பார்த்து எவ்வளவு நாளாச்சும்மா?" பெரும்பாலும் பதில் வராது. அவருக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பேன்.