இன்ஜின் முழக்கம் அடங்குகிறது, குழந்தையின் அழுகை ஏன் அடங்குவதில்லை?

விமானம் மேலேறிச் சீரான உயரத்தை எட்டிய பின் இயர்பட்ஸைக் காதில் பொருத்தி இரைச்சல் நீக்கத்தை இயக்கினால், அதுவரை உடம்பையே அழுத்திக்கொண்டிருந்த முழக்கம் ஓரிரு நொடிகளில் வடிந்துபோகிறது. ஆனால் மூன்று வரிசை தள்ளி அழுகிற குழந்தையின் குரல் அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால், முன்பைவிடத் துல்லியமாகக் கேட்கிறது. நிறையப் பணம் கொடுத்து வாங்கியவர் கருவியில் கோளாறு என்று முடிவுகட்டிவிடுகிறார். கோளாறு எதுவும் இல்லை. அந்தக் கருவி எந்த ஓசையை அடக்குவதற்காகச் செய்யப்பட்டது, எதை அதனால் அடக்க இயலாது என்பது பெட்டியின் மேல் அச்சிடப்படுவதில்லை, அவ்வளவுதான்.

காதுக்குள் ஓசை நுழைவதைத் தடுக்க இரண்டு வழிகளே உண்டு. வாயிலை அடைப்பது ஒன்று. உள்ளே வந்த ஓசையை இன்னோர் ஓசையால் அழிப்பது மற்றொன்று. முதல் வழிக்கு மின்சாரம் தேவையில்லை. ஒரு ரப்பர் முனையோ பஞ்சுபோன்ற ஃபோம் முனையோ செவிக்குழலை நிறைத்து நின்றால் போதும். இரண்டாவது வழியில் ஒரு மைக் வெளியோசையைக் கேட்கிறது, ஒரு சிப் அதன் தலைகீழ் வடிவத்தைக் கணக்கிடுகிறது, ஸ்பீக்கர் அதை ஒலிபரப்புகிறது. ஓசை என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம் என்பதால், வெளியோசையின் மேடு வரும் கணத்தில் பள்ளத்தையும் பள்ளம் வரும் கணத்தில் மேட்டையும் அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். கடைகளில் ஏஎன்சி (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்) என்று சொல்லப்படுவது இதுதான்.

இந்த எண்ணம் பழையது. ஜெர்மானிய இயற்பியலாளர் பால் லூயெக், குழாய்களின் வழியே செல்லும் ஓசையை எதிரோசையால் அடக்கும் முறைக்கு 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அன்றைய மின்னணுவியல் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1978-இல் ஐரோப்பாவிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்த அமர் போஸ் (போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கியவர்), அங்கே கொடுக்கப்பட்ட ஹெட்ஃபோனில் இன்ஜின் இரைச்சலை மீறி எதையும் ரசிக்க முடியாமல், பயணத்தின்போதே இதற்கான கணக்குகளைப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார். அவருடைய நிறுவனத்தின் இரைச்சல் நீக்கும் ஹெட்செட் விமானிகளுக்காக விற்பனைக்கு வந்தது 1989-இல். கணக்கு ஒரே பயணத்தில் உருவானபோதும் கருவி உருவாகப் பத்தாண்டுக்கு மேலானதற்குக் காரணம், இந்த விளையாட்டில் நேரம்தவறாமைக்கு இருக்கும் கொடூரமான முக்கியத்துவம்.

எதிரோசை எவ்வளவு துல்லியமாக வர வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஓர் ஓசையின் அளவை 20 டெசிபல் குறைக்க வேண்டுமானால், அதாவது அதன் ஆற்றலை நூறில் ஒரு பங்காக்க வேண்டுமானால், எதிரோசை ஒரு முழு அலையின் 360 பாகையில் 6 பாகைக்கு மேல் பிசகக் கூடாது. நொடிக்கு 100 முறை அதிரும் ஓசைக்கு, அதாவது 100 ஹெர்ட்ஸுக்கு, இது சுமார் 160 மைக்ரோநொடி (ஒரு மைக்ரோநொடி என்பது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகச் செல்லும், எனவே சமாளித்துவிடலாம். 1,000 ஹெர்ட்ஸுக்கு அவகாசம் 16 மைக்ரோநொடியாகச் சுருங்குகிறது. 4,000 ஹெர்ட்ஸில் மிஞ்சுவது வெறும் 4 மைக்ரோநொடி. அதற்குள் ஒலி ஒன்றரை மில்லிமீட்டர்கூட நகராது. தாடையைச் சற்று அசைத்தாலே செவிக்குழலின் வடிவம் அந்த அளவுக்கு மாறிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. பிசகு 60 பாகையைத் தாண்டினால் எதிரோசை வெளியோசையை அழிப்பதற்குப் பதிலாக அதனோடு சேர்ந்து பெருக்கத் தொடங்கும். ஆகவே உயர்ந்த அதிர்வெண்களை நெருங்கும்போது சிப் தானாகவே பின்வாங்கிக்கொள்ளும்படி வடிவமைக்கப்படுகிறது. பொதுவாக 1,000 ஹெர்ட்ஸை ஒட்டிய எல்லைக்கு மேல் ஏஎன்சி ஏறக்குறைய ஓய்ந்துவிடுகிறது. அதற்கு மேலான பொறுப்பு முழுவதும் ரப்பர் முனையைச் சேர்ந்தது.

குழந்தையின் அழுகைக்கு இப்போது வரலாம். அந்த அழுகையின் அடிப்படை அதிர்வெண் 400, 500 ஹெர்ட்ஸ் அளவில் இருந்தாலும், அதன் கூர்மை முழுவதும் அதற்கு மேலுள்ள ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. நம் செவிக்குழல் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய். அத்தகைய குழாய் இயல்பாகவே 3,000 ஹெர்ட்ஸையொட்டி ஒத்ததிரும், அதாவது அந்தப் பகுதி ஓசையைப் பெருக்கிக் காட்டும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் இந்தப் பகுதியில்தான். போதாக்குறைக்கு, தாழ்ந்த அதிர்வெண் முழக்கத்துக்குத் தன்னைவிட உயர்ந்த ஓசைகளை மூடிமறைக்கும் இயல்பு உண்டு. இன்ஜின் முழக்கம் இருந்தவரை அது ஒரு போர்வைபோல அழுகையின் ஒரு பகுதியை மறைத்திருந்தது. ஏஎன்சி அந்தப் போர்வையை உருவிவிட்டது.

இரைச்சல் நீக்கும் கருவிகளில் மைக் எங்கே இருக்கிறது என்பதும் வேறுபாட்டை உண்டாக்கும். வெளிப்புற மைக் வரவிருக்கும் ஓசையை முன்கூட்டியே கேட்கிறது. ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரை ஓசை எட்டுவதற்குள் சிப்புக்குக் கிடைக்கும் அவகாசம் ஐம்பது மைக்ரோநொடிக்கும் குறைவு. செவிக்குழலை நோக்கியிருக்கும் உட்புற மைக், எதிரோசை கலந்த பிறகு என்ன மிஞ்சியது என்பதைப் பார்த்துத் திருத்துகிறது. இரண்டும் உள்ள கருவிகள், ஒவ்வொருவர் காதிலும் சற்று வேறாக அமரும் இயர்பட்டின் பிசகைத் தாங்களே ஈடுசெய்துகொள்ளும். வெளிப்புற மைக்கின் பலவீனம் காற்று. திறந்த ஜன்னலோரத்தில் காற்று மைக்கின் துளையில் மோதிச் சுழலும்போது எழும் ஓசை அந்த மைக்குக்கு மட்டுமே கேட்கும். செவிப்பறையை எட்டுவது வேறு. இல்லாத ஓசைக்கு எதிரோசை அனுப்பும் சிப், காதுக்குள் புதிதாக ஒரு சரசரப்பை உண்டாக்கிவிடுகிறது. காற்றோட்டமான பேருந்திலும் ரயிலிலும் ஏஎன்சியை நிறுத்திவைப்பது சில நேரங்களில் மேலானது.

இத்தனை நுட்பமும், இரண்டு ரூபாய் பெறாது என்று தோன்றும் அந்த முனை சரியாக அமராவிட்டால் வீணாகிவிடுகிறது என்பதை வாங்குவோரில் பலர் கவனிப்பதில்லை. தாழ்ந்த ஓசையின் அலைநீளம் பெரியது; 100 ஹெர்ட்ஸில் அது மூன்று மீட்டருக்கு மேல். அந்த ஓசைக்கு ஒரு மயிரிழை இடைவெளியே திறந்த கதவுதான். அதே இடைவெளி வழியாக ஸ்பீக்கர் அனுப்பும் எதிரோசையும் வெளியே கசிந்துவிடுவதால், அடைப்பும் தோற்கிறது, அழிப்பும் தோற்கிறது. முனை நன்றாக அமர்ந்திருக்கிறதா என்று அறியச் செயலிகளில் சோதனை வசதி உண்டு. அது இல்லாவிட்டாலும், பழகிய ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு இயர்பட்டை விரலால் மெல்ல அழுத்திப் பார்க்கலாம். அழுத்தும்போது மட்டும் தாளக்கருவிகளின் அடியோசை கனத்தால் முனை சிறியது என்று பொருள். இடது காதும் வலது காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டுக்கும் வெவ்வேறு அளவு முனைகளைப் போட்டுக்கொள்வதில் தவறும் இல்லை. செவிக்குழல் நேரான குழாய் அன்று, வளைந்தது. எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைவு நிமிரும். அப்போது செருகினால்தான் முனை உரிய இடத்தில் உட்காரும். ஃபோம் முனையை உருட்டி மெலிதாக்கிச் செருகி, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். சிலிக்கோன் முனையைவிட அது பொதுவாக நன்றாக அடைக்கும். ஆனால் விரைவில் அழுக்காகும், அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

விளம்பர எண்களையும் இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். 'நாற்பது டெசிபல் வரை' என்ற வாசகத்தில் முக்கியமான சொல் 'வரை' என்பது. ஏதோ ஒரு அதிர்வெண்ணில், ஆய்வகத்தில், பொம்மைத் தலையொன்றின் காதில் கிடைத்த உச்சம் அது. 10 டெசிபல் குறைந்தால் ஓசை ஏறத்தாழப் பாதியாகக் கேட்கும் என்பதால், 300 ஹெர்ட்ஸில் 40-உம் 2,000 ஹெர்ட்ஸில் 15-உம் குறைக்கும் கருவியை ஒரே எண்ணால் விவரிப்பது வாங்குபவரை ஏமாற்றுவதற்கு மிக அருகில் நிற்கிற செயல் என்பது என் எண்ணம். தொழிற்சாலைகளில் பயன்படும் சாதாரண ஃபோம் காதடைப்பான்களுக்கு அமெரிக்க முறைப்படி வழங்கப்படும் மதிப்பு அதிகபட்சம் 33 டெசிபல். அதையும் அப்படியே நம்பாமல், நடைமுறைக்கு ஏற்றபடி கழித்தே பாதுகாப்பு அதிகாரிகள் கணக்கிடுகின்றனர். எவ்வளவு சிறந்த அடைப்பானுக்கும் இயற்கை விதித்த எல்லை ஒன்று உண்டு. 40, 50 டெசிபலைத் தாண்டிய பிறகு ஓசை காதுத்துளையை நம்பியிருப்பதில்லை. மண்டையோட்டின் எலும்பு வழியாகவே உட்செவியை எட்டிவிடுகிறது.

பயணத்துக்கு ஏஎன்சி பொருந்துவதற்குக் காரணம், அங்கே இருப்பது அது விரும்பும் வகை ஓசை என்பதே. விமானத்தின் உட்புற இரைச்சல் சுமார் 80 முதல் 85 டெசிபல். அதன் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களில், மணிக்கணக்கில் மாறாமல் ஓடுவது. மனத்துக்குக் கிடைக்கும் நிம்மதியைவிடப் பெரிய பயன் ஒன்று இதில் உண்டு. இரைச்சலின் நடுவே பாட்டுக் கேட்பவர் தம்மை அறியாமலே ஒலியளவை ஏற்றிக்கொண்டே போவார். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலகச் சுகாதார அமைப்பின் பாதுகாப்பு வரம்பு. 90 டெசிபலுக்கு அது 4 மணி நேரமாகிவிடுகிறது. இரைச்சலைக் குறைத்தால் ஒலியளவையும் குறைக்கலாம். காதுக்குச் சேமிப்பு அங்கேதான்.

தூக்கத்தின் கதை வேறு. படுக்கையறை பெரும்பாலும் ஏற்கெனவே அமைதியானது. அங்கே தூக்கத்தைக் கலைப்பது இரைச்சலின் சராசரி அளவைவிட அதன் திடீர்த்தன்மை. நாய் குரைப்பு, கதவு சாத்தும் சத்தம், தெருவில் ஒரு ஹாரன். உலகச் சுகாதார அமைப்பு 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் படுக்கையறைக்குள் தொடர்ச்சியான ஓசைக்கு 30 டெசிபல் என்றும், தனித்தனியாக எழும் ஓசைகளுக்கு 45 டெசிபல் என்றும் இரண்டு வரம்புகளைத் தனித்தனியே குறிப்பிட்டது. உறங்கும்போதும் காது மூடுவதில்லை, மூளை வந்த ஓசையைத் தரம்பிரித்துக்கொண்டே இருக்கிறது. திடீரென்று எழும் கூரிய ஓசை ஏஎன்சி தொடாத உயர்பகுதியில் இருப்பதால் இங்கே சிப்பைவிட அடைப்பே முதன்மை. மிக அமைதியான அறையில் ஏஎன்சியின் சொந்த மின்னணுச் சீறல்கூடக் கேட்கத் தொடங்கும். குறட்டை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: அதன் உறுமலை ஏஎன்சி ஓரளவு மட்டுப்படுத்தும், மூச்சுக் காற்றின் கரகரப்பை அடைப்புதான் தடுக்க வேண்டும், இடையிடையே நின்று மறுபடி வெடிப்பதை இரண்டுமே முழுமையாகத் தீர்ப்பதில்லை. அதனால்தான் தூக்கத்துக்கென்று செய்யப்படும் இயர்பட்களில் பல, மழையோசை போன்ற சீரான ஓசையை மெல்ல ஒலிக்கவிடுகின்றன. விமானத்தில் நாம் உருவியெறிந்த போர்வையை இங்கே நாமே போர்த்திக்கொள்கிறோம்.

காதை அடைத்துப் படுத்தவர்கள் சந்திக்கும் வினோதம் ஒன்று: வெளியோசை போய், தம் மூச்சும் இதயத்துடிப்பும் எச்சில் விழுங்குவதும் பெரிதாகக் கேட்கும். எலும்பு வழியே செவிக்குழலின் சுவரை எட்டும் தாழ்ந்த ஓசை, வழக்கமாகத் திறந்த வாயில் வழியே வெளியேறிவிடும். அடைத்ததும் உள்ளேயே தங்கிச் செவிப்பறையை அடிக்கிறது. மேலோட்டமாக அடைத்தால் இது மோசமாகவும், ஆழமாக அடைத்தால் குறைவாகவும் இருக்கும் என்பது பலர் எதிர்பாராத உண்மை. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குக் காதுமடலைவிட்டு வெளியே துருத்தாத வடிவம் கட்டாயம். தலையணை அழுத்தும்போது வெளி மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று கேட்டுக் கீச்சிடத் தொடங்கும் இயர்பட்களும் உண்டு. பேட்டரி எட்டு மணி நேரம் தாக்குப்பிடிக்குமா என்பதோடு, தீரும்போது என்ன செய்யும் என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. அதிகாலை மூன்று மணிக்குப் 'பேட்டரி குறைவு' என்று காதுக்குள் அறிவிக்கும் கருவியைத் தூக்கத்துக்காக வடிவமைத்தவர் அதை அணிந்து தூங்கியிருக்க மாட்டார். இரவு முழுதும் மூடிய செவிக்குழலில் ஈரம் தங்கும், குறும்பி உள்நோக்கித் தள்ளப்படும். முனைகளைத் தினமும் துடைப்பதும், காதில் வலியோ நீரொழுக்கோ இருக்கும்போது எதையும் செருகாமல் இருப்பதும் தவிர்க்க முடியாதவை. தீ எச்சரிக்கை மணியையோ கைக்குழந்தையின் அழுகையையோ கேட்டாக வேண்டிய பொறுப்பில் இருப்பவர் இரண்டு காதையும் அடைத்துக்கொள்ளக் கூடாது.

விலையுயர்ந்த இயர்பட்ஸ் வாங்கும் முன், சாதாரண ஃபோம் காதடைப்பான் ஒரு ஜோடியைச் சரியாகச் செருகி நான்கு இரவு தூங்கிப் பார்க்கும்படி என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்வேன். அதன் பிறகும் தொல்லை தருவது குளிர்சாதனக் கருவியின் முழக்கம்போன்ற தாழ்ந்த ஓசை என்றால் ஏஎன்சிக்குக் கொடுக்கும் பணம் பயன்தரும். பேச்சும் ஹாரனும் கேட்டால், முதலில் முனையின் அளவைச் சந்தேகிக்க வேண்டும். தம் இதயத்துடிப்பு மட்டுமே கேட்கிறது என்பவருக்கு, காதில் எதுவும் இல்லாமல் அறையின் மூலையில் ஓடும் ஒரு மின்விசிறியே போதுமானதாக இருக்கலாம்.