போல்ட்டை முறுக்கினால் ஸ்பிரிங் இறுகுமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “பழைய சஃபாரி வைத்திருக்கிறேன். முன்பக்கம் இறங்கிப்போய்விட்டது. வேகத்தடையில் ஏறினாலே ‘டக்’கென்று அடிக்கிறது. டார்ஷன் பார் போல்ட்டை நாலு சுற்று முறுக்கினால் வண்டி தூக்கிக்கொள்ளும், சஸ்பென்ஷனும் புதுசு மாதிரி இறுகிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?”

மெக்கானிக் சொல்வதில் பாதி சரி. வண்டி உயரும். ஆனால் ஸ்பிரிங் துளிகூட இறுகாது. அது ஏன் என்று தெரிந்துகொண்டால், பழைய வண்டியில் எதற்குக் காசு போடலாம், எதற்குப் போடக்கூடாது என்பதும் பிடிபட்டுவிடும்.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஒருமுறை அமுங்கிய ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். சக்கரம் எந்த வழியில் மேலும் கீழும் போகவேண்டும் என்று பிடித்துவைப்பவை ஆர்ம்கள் என்ற உலோகக் கைகள், அவற்றின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்கள், உருண்டை மூட்டுகளான பால் ஜாயின்ட்டுகள். 1998-ல் வந்த முதல் தலைமுறை டாடா சஃபாரியிலும், 2000-ல் வந்த டொயோட்டா குவாலிஸிலும் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. குனிந்து பார்த்தால் சேஸிஸை ஒட்டி, வண்டியின் நீளவாக்கில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எஃகுத் தண்டுகள் ஓடுவது தெரியும். டார்ஷன் பார் என்பது அதுதான். பற்கள் வெட்டிய ஒரு முனை சஸ்பென்ஷன் ஆர்மில் கோத்திருக்கும். மறுமுனை சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில், ஆங்கர் ஆர்ம் என்ற சிறு நெம்புகோலுக்குள் உட்கார்ந்திருக்கும். அந்த நெம்புகோலைத் தாங்கி நிற்கும் போல்ட்டைத்தான் மெக்கானிக் முறுக்கச் சொல்கிறார்.

சக்கரம் மேலே போகும்போது ஆர்ம் சுழலும், தண்டு முறுக்கிக்கொள்ளும். நேரான தண்டு எப்படி ஸ்பிரிங் ஆகும் என்று தோன்றலாம். சுருள் ஸ்பிரிங்கிலும் நடப்பது இதுவேதான். அதை அமுக்கும்போது கம்பி வளைவதாகத் தெரிந்தாலும், கம்பியின் உள்ளே நடப்பது பெரும்பாலும் முறுக்கம். சுருள் ஸ்பிரிங் என்பது இடம் மிச்சம் பிடிக்கச் சுருட்டிவைத்த டார்ஷன் பார் என்றே சொல்லலாம்.

முறுக்கத்தின் கணக்கைக் கம்பிகளை வைத்துச் சோதித்து 1784-ல் வெளியிட்டவர் பிரெஞ்சு விஞ்ஞானி கூலும். மின்னேற்ற விதிக்காகப் பள்ளியில் படிக்கிறோமே, அவரேதான். தண்டு எவ்வளவு விறைப்பாக இருக்கும் என்பதை முடிவுசெய்பவை மூன்று: உலோகம், நீளம், விட்டம். நீளம் இரட்டிப்பானால் விறைப்பு பாதியாகும். விட்டமோ நான்காம் அடுக்கில் வேலை செய்யும். 25 மி.மீ. தண்டை 26 மி.மீ. ஆக்கினால், ஒரே ஒரு மில்லிமீட்டருக்கு விறைப்பு 17 சதவீதம் கூடிவிடும்.

கணக்குக்காக 25 மி.மீ. விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள தண்டை எடுத்துக்கொள்வோம். ஆர்மின் நீளம் 35 செ.மீ., ஒரு முன்சக்கரத்தின் மேல் 500 கிலோ. தண்டு சும்மா நிற்கும்போதே சுமார் 32 டிகிரி முறுக்கிக்கொண்டிருக்கும். தண்டைக் கழற்றி, முறுக்கமே இல்லாத நிலையில் அதன்மேல் நீளவாக்கில் ஒரு பெயின்ட் கோடு போட்டு மாட்டினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் அந்தக் கோட்டின் ஒரு முனை மற்றதைவிட 7 மி.மீ. விலகிச் சாய்ந்து நிற்கும். எஃகு இவ்வளவு நெகிழும் என்பதை இதைவிடத் தெளிவாகக் கண்ணால் பார்க்க வழியில்லை. சக்கரத்தின் மேல் இன்னும் 40 கிலோ ஏற்றினால் வண்டி சுமார் 16 மி.மீ. இறங்கும். இறக்கிவிட்டால் அதே அளவு ஏறும்.

இப்போது போல்ட்டை முறுக்குவோம். ஆங்கர் முனை சில டிகிரி திரும்பும், அதோடு சேர்ந்து தண்டு முழுவதும் திரும்பி ஆர்மைக் கீழே தள்ளும், வண்டி உயரும். ஆனால் சக்கரத்தின் மேல் இருப்பது அதே 500 கிலோதான். எனவே தண்டில் இருக்கும் முறுக்கமும் ஏறக்குறைய அதே 32 டிகிரிதான். உலோகம், நீளம், விட்டம் மூன்றும் மாறவில்லை, ஆக விறைப்பும் மாறவில்லை. பிறகு ஏன் வண்டி இறுகின மாதிரி ஓடுகிறது? உயரத்தை ஏற்றியபோது சக்கரம் கீழே தொங்குவதற்கு இருந்த இடம் குறைந்துவிட்டது. பள்ளத்தில் சக்கரம் கொஞ்சம் இறங்கியதுமே ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்கு இழுபட்டோ, ஆர்ம் கீழ்த்தடுப்பில் மோதியோ நின்றுவிடும். அந்த அடியைத்தான் ‘நல்லா டைட் ஆயிடுச்சு’ என்று எடுத்துக்கொள்கிறோம். பால் ஜாயின்ட் எப்போதும் சாய்ந்த கோணத்திலேயே உழைக்கும், நாலு சக்கர ஓட்டம் உள்ள வண்டியில் ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் உறையான பூட் சீக்கிரம் கிழியும்.

அப்படியானால் போல்ட் எதற்கு? உயரத்தைச் சரிசெய்ய, அதற்கு மட்டும்தான். ஸ்பிரிங் எஃகு வயதானாலும் விறைப்பை இழப்பதில்லை. பல ஆண்டு சுமையில் மிகச் சிறிய நிரந்தர முறுக்கம் சேர்ந்துபோகும், அதனால்தான் வண்டி தாழ்கிறது. அதைத் தொழிற்சாலை உயரத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது முறையான வேலை. அதற்கு மேல் ஏற்றுவது தவறு.

இந்தத் தண்டில் இன்னொரு நுட்பம் உண்டு. செய்யும்போதே அதை எஃகு தாங்கும் எல்லையைத் தாண்டி ஒருமுறை முறுக்கி விட்டுவிடுவார்கள். வெளித்தோல் கொஞ்சம் நிரந்தரமாகத் திரும்பிவிடும், உள்பகுதி பழைய நிலைக்கு வரத் துடிக்கும். இந்த இழுபறியால் வெளித்தோலில் எதிர்த்திசைத் தகைவு (உலோகத்துக்குள் நிற்கும் விசை, ஸ்ட்ரெஸ்) தங்கிவிடும். பிறகு வண்டியின் சுமை வரும்போது, முதலில் அந்த எதிர்த்தகைவு தீர்ந்த பிறகே தோலுக்குப் பாரம் ஏறும். முறுக்கத்தில் அதிகம் அடிவாங்குவது வெளித்தோல்தான். தண்டின் நடுமையத்தில் தகைவே கிடையாது. ஆகவே தோலைக் காப்பாற்றினால் தண்டைக் காப்பாற்றியதாகும். இந்த நன்மை ஒரு திசை முறுக்கத்துக்கு மட்டுமே. அதனால் தண்டில் இடது, வலது என்று குறியிருக்கும். மாற்றி மாட்டினால் காப்பாக இருந்த தகைவே சுமையோடு சேர்ந்துகொள்ளும்: தண்டு சீக்கிரம் தாழும், அல்லது முறியும். கழற்றும் முன் இடம், வலம், முன், பின், பற்களின் நிலை எல்லாவற்றுக்கும் பெயின்ட் குறி வைப்பது கட்டாயம். உளி, ரெஞ்சு பட்டு விழுந்த கீறலில்தான் வெடிப்பு தொடங்கும். கீறல் ஆழமில்லை என்றால் துரு நீக்கி உடனே பெயின்ட் அடிக்கவேண்டும். விரல்நகம் சிக்குகிற ஆழம் என்றால் தண்டை மாற்றிவிடுவதே நல்லது.

இனி உயரம் வைக்கும் முறை. சமதளத்தில் காலி வண்டியை நிறுத்தி, டயர் காற்று நாலிலும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை இருபக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் சேர்ந்துவிடும். போல்ட்டின் மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே விட்டுவைப்பது நல்லது. சேஸிஸுக்கு ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரங்கள் தொங்கும்போதுதான் போல்ட்டைத் தொடவேண்டும். பாரத்தோடு முறுக்கினால் மரை போய்விடும். ஒரு சுற்று மட்டும் திருப்பி, கீழே இறக்கி, சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளக்கவேண்டும். உருட்டாமல் அளந்தால் டயர் தரையைக் கவ்வியபடி பொய்யான உயரம் காட்டும். மேனுவலில் உள்ள அளவே இலக்கு. முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் சக்கரத்தின் சாய்வும் (கேம்பர்) அது பார்க்கும் திசையும் (டோ) மாறியிருப்பதால் டயர் ஒரு ஓரமாகத் தேயும். ஹெட்லைட் குறியையும் பார்த்துவிடுங்கள்.

தண்டையே கழற்றும் வேலையை வீட்டு வாசலில் செய்யாதீர்கள். நம் கணக்குத் தண்டுக்குள் அடைந்திருக்கும் ஆற்றல் சுமார் 480 ஜூல். 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஆங்கர் ஆர்ம் நழுவினால் கை போய்விடும்.

வாசகர் சொல்லும் ‘டக்’ சத்தத்துக்கு வருவோம். வேகத்தடையில் ஏறும்போது அடித்தால் ஆர்ம் மேல்தடுப்பு ரப்பரில் மோதுகிறது: வண்டி தாழ்ந்திருக்கிறது, அல்லது ஷாக் செத்துவிட்டது. தாண்டி இறங்கும்போது அடித்தால் சக்கரம் கீழ்த்தடுப்பில் மோதுகிறது. மெதுவாகப் போகும்போது கல் ரோட்டில் ‘லொடலொட’ என்றால் லிங்க் ராடு, புஷ், பால் ஜாயின்ட் மூன்றில் ஒன்று.

புஷ் விஷயத்தில்தான் பெரும்பாலான பட்டறைகளில் தவறு நடக்கிறது. ஆர்மின் புஷ் உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் நடுவில் ஒட்டிய ரப்பர். உள்குழாய் போல்ட்டால் இறுக்கப்பட்டு நிற்கும், ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். அதுவும் ஒரு குட்டி டார்ஷன் ஸ்பிரிங். சக்கரம் தொங்கும்போது போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் இரவும் பகலும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். புதுப் புஷ் சில மாதங்களில் கிழியும், உயரமும் தவறாகக் காட்டும். போல்ட்டைக் கையளவுக்குப் பிடித்துவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை சக்கரத்தில் நிற்கும்போது கடைசி இறுக்கு இறுக்கவேண்டும். வேலை கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

பால் ஜாயின்ட் சோதனையிலும் ஜாக்கி வைக்கும் இடம் முக்கியம். தண்டு கீழ் ஆர்மில் கோத்திருந்தால் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கினால்தான் பாரம் நீங்கி ஆட்டம் தெரியும். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஜாயின்ட்டில் இடைவெளி தெரிந்தால் மாற்றுங்கள். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது ஆடினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனையைப் பாருங்கள். வீல் பேரிங் லூஸாக இருந்தாலும் இரண்டிலும் ஆடும், குழப்பிக்கொள்ளாதீர்கள். பென்னாகரம், அஞ்செட்டி பக்கத்து மண்பாதைகளில் ஓடும் வண்டிக்கு பால் ஜாயின்ட்டின் பூட் கிழிந்தால் செம்மண் தூசி கிரீஸோடு கலந்து உலோகத்தை அரைத்துவிடும். கிரீஸ் நிப்பிள் இருந்தால் 5,000 கி.மீ.க்கு ஒருமுறையும், சக்கரம் மூழ்கும் அளவு தண்ணீரில் இறங்கிய பிறகும் கிரீஸ் அடியுங்கள். பூட் லேசாக உப்பியதும் நிறுத்திவிடவேண்டும், மேலும் அடித்தால் பூட்டே கிழியும்.

ஷாக் அப்சார்பரில் பிஸ்டன் ராடின் மேல் லேசான எண்ணெய்ப் பசை இருப்பது இயல்பு. உடம்பு முழுக்க வழிந்து தூசி அப்பியிருந்தால் ஆயுள் முடிந்தது. ஆட்டத்தை வெப்பமாக மாற்றுவதே அதன் வேலை என்பதால், கரடுமுரடான பாதையில் ஓட்டிவந்ததும் நாலையும் கவனமாகத் தொட்டுப் பார்க்கலாம். மூன்று சூடாகவும் ஒன்று மட்டும் ஆறியும் இருந்தால் அந்த ஒன்று உழைக்கவில்லை. மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள். தருமபுரி–சேலம் சாலையில் உள்ள தொப்பூர் கணவாயில் விபத்து நடந்தால் அந்த இடமே காவு கேட்கிறது என்று பேசுவோர் உண்டு. நீண்ட இறக்கமும், சூடேறிய பிரேக்கும், தரையை விட்டுத் துள்ளும் டயரும்தான் ஆளைக் கொல்கின்றன. ஷாக் செத்த வண்டியில் டயர் துள்ளும் நேரமெல்லாம் பிரேக்குக்குப் பிடிப்பு கிடையாது.

வேகத்தடைகள் பற்றியும் சொல்லவேண்டும். இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 நெறிமுறைப்படி, 25 கி.மீ. வேகத்தில் கடக்கும் வேகத்தடை, வண்டி ஓடும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் 17 மீட்டர் ஆரமும் கொண்ட மெல்லிய வளைவாக இருக்கவேண்டும். ஊர்ச் சாலைகளில் சுவர் மாதிரி எழுப்பியிருப்பவை இதற்குப் பக்கத்தில்கூட வராது. பர்கூரிலும் செட்டிக்கரையிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. செல்போனில் அசைவை உணரும் முடுக்கமானியை வைத்தே தங்கள் மாவட்டத்தின் ஒவ்வொரு வேகத்தடையையும் மாணவர்கள் அளந்துவிடலாம். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை. இப்படிப்பட்ட சின்ன ஆய்வுகளுக்குச் சின்னத் தொகை ஒதுக்காதது நம்முடைய பெரிய குறை.

பின்பக்கம் சுருக்கமாக. சஃபாரியில் சுருள் ஸ்பிரிங்கும் ஐந்து லிங்குகளும். வண்டி வால் ஆட்டினால் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்கு ராடின் புஷ்ஷை முதலில் பாருங்கள். குவாலிஸில் பட்டை ஸ்பிரிங்: பட்டைகளை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்தால், பட்டைகளைக் கோத்துநிற்கும் சென்டர் போல்ட் முறியும், ஆக்சில் நகரும், வண்டி கோணலாக ஓடும். பட்டை மாற்றிய பிறகு சில நூறு கி.மீ. ஓட்டிவிட்டு யூ போல்ட்டை மறுபடி இறுக்கவேண்டும்.

பாலக்கோட்டு வாசகருக்கு: முதலில் புஷ்களையும் பால் ஜாயின்ட்டுகளையும் பாருங்கள். அடுத்து ஷாக் ஜோடி. அவை எல்லாம் சரியான பிறகு உயரத்தை அளந்து, குறைந்திருந்தால் மட்டும் போல்ட்டுக்குப் போங்கள். மேனுவல் உயரத்துக்குக் கொண்டுவரப் போல்ட்டில் மரையே மிச்சமில்லை என்றால் தண்டு தன் ஆயுளைக் கடந்துவிட்டது, அல்லது முன்பு யாரோ பற்களைத் தவறான இடத்தில் கோத்து மாட்டியிருக்கிறார்கள். பழைய பெயின்ட் குறி தெரிகிறதா என்று முதலில் தேடிப்பார்க்கச் சொல்லுங்கள்.