சரி என்றார்கள், சம்மதிக்கவில்லை

தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில், காட்டோரமாக ஓர் இருளர் குடியிருப்பு. ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. மலைமேல் இருந்தவர்களைப் பல ஆண்டுகளுக்கு முன் கீழே இறக்கிவிட்டார்கள். சாலையோரப் புறம்போக்கில் குடிசை போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு ஆடுதான் சொத்து, பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ராகிக் கொல்லை. ஆடு கொல்லையில் இறங்கும், கொல்லைக்காரர் காவல் நிலையத்துக்குப் போவார், இருளர்கள் இரவோடு இரவாகக் காட்டுக்குள் போய்விடுவார்கள். இப்படி இருந்தபோதுதான் சமாதானம் பேச என்னைக் கூப்பிட்டார்கள்.

பயிற்சியில் கற்றுத்தந்ததையெல்லாம் செய்தேன். பொது இடம், இரண்டு தரப்புக்கும் சம நேரம், குறிப்பெடுக்க ஓர் ஆள். பள்ளிக்கூட வராந்தாவில் எல்லோருக்கும் நாற்காலி போட்டேன். இருளர்கள் உட்காரவில்லை, சுவரோரம் குத்துக்காலிட்டு அமர்ந்துகொண்டார்கள். போதாக்குறைக்கு, துறையின் ஒத்துழைப்பும் இருக்கட்டும் என்று ஒரு வனக்காவலரைச் சீருடையோடு வரவழைத்திருந்தேன். ஆட்டைக் கட்டிப்போடுகிறீர்களா? "சரிங்க சார்." சேதத்துக்குப் பணம் தருகிறீர்களா? "சரிங்க சார்." ஒரு மணி நேரத்தில் தாளில் எழுதிக் கைநாட்டும் வாங்கியாயிற்று. எனக்கு ஒரே பெருமை. மறுவாரம் போய்ப் பார்த்தால் பாதிக் குடிசைகள் காலி.

இருந்த ஒரு பாட்டி முறத்தில் ராகி புடைத்துக்கொண்டே சொன்னார்: "நாற்காலியில் இருக்கிறவர் கேட்டால் நாங்கள் சரி என்றுதான் சொல்லுவோம் சார். காக்கிச் சட்டை என்றால் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவோம்."

இந்த அச்சத்தை 'அறியாமை' என்று எழுதும் அறிக்கைகளைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில், அரூர் பக்கம் வாச்சாத்திக்குள் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக்கட்டை தேடுவதாக நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது, 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வாச்சாத்தி மக்கள் மலையாளிப் பழங்குடியினர், இருளர்கள் அல்ல. ஆனால் காக்கியைக் கண்டதும் காடேறுகிறவர்களிடம் ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பாட்டி இன்னொன்றும் கேட்டார். "மேலே இருந்திருந்தால் எங்கள் ஆடு அவர்கள் கொல்லைக்கு ஏன் வருகிறது?" நான் ஆட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், அவர் நிலத்தைப் பற்றி.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன், மறுவாழ்வு எதுவும் தராமல் காட்டிலிருந்து சட்டவிரோதமாக வெளியேற்றப்பட்ட பழங்குடியினர், அதே இடத்திலோ மாற்று நிலத்திலோ மறுவாழ்வு கேட்கலாம். பட்டா இல்லையே என்று கையைப் பிசைய வேண்டியதில்லை. பழைய வீட்டு அடையாளம், கிணறு, இடுகாடு, சாமி கும்பிட்ட இடம் இவையும் சான்றுதான். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும், அவ்வளவே.

அடையாளம் தேடி மலையேறினோம். ஆட்டுக்காரர்களை அதிகம் ஏசிய பெரியவர் ஒருவரும் கூடவே வந்தார். நல்லெண்ணத்தில் அல்ல; தன் கொல்லையையும் சேர்த்துக் கேட்டுவிடுவார்களோ என்ற சந்தேகத்தில். மேலே ஒரு பாறையில் மாவு அரைத்துத் தேய்ந்த குழிகள் நான்கு இருந்தன. பாட்டி உட்கார்ந்து ஒரு குழிக்குள் கிடந்த சருகை விரலால் வழித்துப் போட்டார். பெரியவர் சற்றுத் தள்ளி ஒரு புளியமரத்தடியில் நின்றுவிட்டார். "இங்கேதான் என் அப்பாவோடு தேன் வாங்க வருவேன். ஒரு படி ராகி கொடுப்போம்" என்றார். யாரும் கேட்காமலே சொன்னார்.

சட்ட விதிகளில் இன்னொரு சான்றும் உண்டு. உரிமை கோருபவர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலம், எழுத்தில். அதுவரை அதை நான் வரிசையில் ஒன்றாகத்தான் படித்திருந்தேன். எதிர்த்தரப்பு என்று நான் எழுதி வைத்திருந்த மனிதர்தான் இந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்த நல்ல சாட்சி. அவர் கையெழுத்துப் போட இரண்டு மாதம் யோசித்தார். நானும் அவசரப்படுத்தவில்லை.

நடுவில் நிற்கப் போகிறவர்களுக்கு இரண்டு மூன்று சொல்ல வேண்டும். பழங்குடியினரை நிலத்திலிருந்து சட்டவிரோதமாக வெளியேற்றுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், காவல் நிலையத்தில் ராசியாகிப் போ என்று முடிக்கிற விவகாரம் அல்ல. 'இனி உரிமை கோரமாட்டோம்' என்ற வரி உள்ள எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்க விடாதீர்கள். வன உரிமை மனு முதலில் கிராம சபைக்குப் போக வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான். பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். எந்தத் தடத்தில் தண்ணீருக்குப் போகும்போது யார் மறிக்கிறார்கள் என்பது ஆண்களுக்குப் பெரும்பாலும் தெரியாது.

பழைய ஒப்பந்தத் தாளை இரு தரப்பும் பார்க்கக் கிழித்துப் போட்டேன். மனு இன்னும் முடிவாகவில்லை. போன மாதம் மறுபடி ஆடு கொல்லையில் இறங்கியது. பெரியவர் போன் போட்டது காவல் நிலையத்துக்கு அல்ல, எனக்கும் அல்ல, பாட்டியின் மருமகனுக்கு. நன்றாகத் திட்டினாராம்.