பன்னிரண்டு நிமிடம்தானே, மணல்தானே

போர்ச்சுகலின் நாசரே என்றதும் குளிர்காலத்துப் பேரலைகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு அந்த ஊரின் கோடைக்கால மணல்தான் நினைவுக்கு வரும். ஐரோப்பியப் பெண்கள் கிளப்புகளுக்கான கடற்கரைக் கால்பந்துக் கோப்பை 2016-இல் இத்தாலியின் கட்டானியாவில் தொடங்கியது. மறு ஆண்டு நாசரேவுக்கு வந்தது, பிறகு பல முறை அங்கேயே நடந்தது. அந்த ஆட்டங்களின் பதிவுகளைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு, மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் யார் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தேடுவேன். பிசியோதெரபிஸ்ட்டின் புத்தி அப்படித்தான் போகிறது.

அணிக்கு ஐந்து பேர். பன்னிரண்டு நிமிடம் வீதம் மூன்று பகுதிகள், மொத்தம் 36 நிமிடம். வெறுங்கால். புல்தரையில் 90 நிமிடம் ஓடிப் பழகியவர்களுக்கு இது விளையாட்டுக்குள் விளையாட்டாகத் தெரிகிறது. என்னிடம் வரும் பெண்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: “மணல்தானே மேடம், விழுந்தாலும் வலிக்காது.”

விழுந்தால் வலிக்காது, உண்மைதான். ஓடினால்தான் வலிக்கும். மணலில் ஓட, கெட்டியான தரையில் ஓடுவதைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் தேவை என்று 1998-இல் வெளியான பெல்ஜிய ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. கெட்டித் தரையில் கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண் வில்லைப்போல் இழுபட்டு, அடுத்த அடிக்கு நம்மை உந்தித் தள்ளும். மணலிலோ நாம் கொடுக்கும் விசையில் ஒரு பங்கு மணலை நகர்த்துவதிலேயே கரைந்துபோகிறது. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டுவது கெண்டைக்கால் தசையும் பாதத்தின் சின்னச் சின்னத் தசைகளும்தான். அவற்றைச் சிறுவயதிலிருந்தே காலணிக்குள் பூட்டி வைத்துவிட்டு, ஒரு வாரத்தில் உழைக்கச் சொன்னால் என்ன செய்யும்?

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரி மாணவி நொண்டிக்கொண்டு வந்தாள். புல்தரை அணியின் முன்கள ஆட்டக்காரி. ஐந்தே நாள் பயிற்சியில் மணல் போட்டி ஒன்றில் இறங்கியிருக்கிறாள். காலின் பெருவிரலைக் கீழ்நோக்கி மடக்கியதும் துடித்துவிட்டாள். செயற்கைப் புல்தரையில் பெருவிரல் மேல்நோக்கி வளைந்து அடிபடும். மணலில் நேர்மாறு: விரல் புதைந்து நிற்கும்போது உடல் முன்னே போய்விடும், விரல் அடியில் மடங்கிக்கொள்ளும். கடற்கரை வாலிபால் ஆடுபவர்களிடம் இது நன்கு அறிந்த காயம். சுளுக்கு என்று எண்ணி உருவிவிட்டிருந்தார்கள். தயவுசெய்து உருவாதீர்கள். விரலை அசையாமல் பட்டை ஒட்டி ஓய்வு கொடுத்தாலும், முழுதாக ஆறச் சில சமயம் மாதக்கணக்கில் ஆகும்.

அவளிடம் வழக்கமாகக் கேட்கும் இன்னொரு கேள்வியையும் கேட்டேன். மாதவிடாய் சரியாக வருகிறதா? நான்கு மாதமாக இல்லையாம். “நிறைய விளையாடினால் அப்படித்தான் ஆகும் என்று சீனியர் அக்கா சொன்னாங்க.” இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஆட்டம் குறுகியது என்பதால் சாப்பாட்டையும் குறைத்துக்கொள்கிறார்கள். மணல் கேட்கும் ஆற்றலோ அதிகம். பற்றாக்குறை நீடித்தால் உடல் முதலில் கைவிடுபவற்றில் ஒன்று மாதவிடாய். அடுத்து எலும்பு வலுவிழக்கும். கணுக்காலுக்கு மேலேயும் பாதத்திலும் மயிரிழை முறிவுகள் வரும். ஒலிம்பிக் கமிட்டி 2014-இலேயே இந்த நிலைக்குத் தனிப் பெயர் வைத்து எச்சரித்துவிட்டது. மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால், கர்ப்பம் உள்பட எல்லாக் காரணங்களையும் பார்க்க ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போயாக வேண்டும். பயிற்சியாளர் ஆணாக இருந்தாலும் இதைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது. அவருக்கு முடியாவிட்டால் அணியில் கேட்பதற்கு ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளட்டும்.

காலணிக்கு அனுமதி கிடையாது என்றாலும், கணுக்காலிலும் பாதத்திலும் மீள்பட்டை (இழுபடும் கட்டுத்துணி) சுற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. உச்சி வெயிலில் காய்ந்த மணல் பாதத்தைப் பொசுக்கிவிடும், ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். கிளிஞ்சல் கீறலை அன்றன்றே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டாகிறது என்றும் பாருங்கள்.

மணலுக்குப் பழக நான் கேட்பது ஆறு வாரம். முதலில் வாரம் இரண்டு நாள், பதினைந்து நிமிடம் மட்டும். “போட்டிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது” என்று தொலைபேசியில் கேட்கும் பயிற்சியாளர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு: புதியவளை ஒரு பகுதி முழுக்க ஆடவிடாமல் இரண்டு இரண்டு நிமிடமாக இறக்குங்கள். இந்த ஆட்டத்தில் ஆள் மாற்றுவதற்கு எண்ணிக்கைக் கணக்கே இல்லை.